பதினொரு கதிரை

முதல் ஞாயிறு மூன்று பேர்:
போதகர், நான்,
மழைக்கு ஒதுங்கிய ஐஸ்பழக்காரன்.
அவனும் ஆமென் சொன்னான்.
மழை விட்டதும் மணியடித்தபடி
தம்பட்டைப் பக்கம் போய்விட்டான்.

மிசோரத்தில் ஒரு மலையூர்.
உலை வைக்குமுன் வீட்டுக்கு வீடு
ஒரு பிடி அரிசியைத் தனியே எடுப்பார்களாம்.
சேர்ந்ததை விற்றுக்
கடல் கடந்து ஆளனுப்புவார்களாம்.
அந்த அரிசியில் வந்தவர் சங்லியானா.
இரண்டு போகம் விளையும் அம்பாறைக்கு
அரிசி விற்ற காசில் ஒரு மனிதன்!
விநாயகபுரம் சந்தியில்
சபை கட்ட இடம் கேட்டார், ஓட்டோக்காரனிடம்.
பின்சீற்றில் நான் இருந்தேன்.
ஆங்கிலம் தெரிந்த குற்றத்துக்காகப் பிடிபட்டேன்.

தகரக் கொட்டில்.
கல்யாண வீடுகளுக்குக் கதிரை விடும் தவேந்திரனிடம்
மாசக் கணக்கில் பதினைந்து.
கால் நொடிந்த நான்கைத் திருப்பிக் கொடுத்தோம்.
மிச்சம் நிரம்ப ஒரு வருசமானது.

"மேய்ப்பன்" என்றார் போதகர்.
எங்கள் ஆட்களுக்கு அது பட்டிக்காரன்,
வேளாண்மைக்குள் மாட்டை விட்டு
வழக்குக்குப் போகிறவன்.
"நல்ல பட்டிக்காரன்," என்றேன்,
"தயிருக்குத் தண்ணி கலக்காதவன்."
சிரித்தார்கள். அவரும் சிரித்தார்,
எதற்கென்று தெரியாமல்.

தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுத்
தொலைந்த ஒன்றைத் தேடிப்போன கதையை
அவர் சொன்ன அன்று
பின்வரிசையில் கண்ணகைப்பிள்ளை எழும்பினாள்.
"எந்தக் காம்புக்குப் போய்த் தேடின அவர்?"

தகரத்தில் ஒரு காகம் நடந்தது.
எங்கெல்லாம் தேடினார் என்று மட்டும் நான் கேட்டேன்.
மலை, முள், இருட்டு என்றார் போதகர்.
அதையே தமிழில் கொடுத்தேன்.
அவள் உட்கார்ந்தாள்.
மறுகா ஒரு ஞாயிறும் தவறவில்லை.

ஞானஸ்நானத்துக்கு ஏழு பேர்.
கடலுக்குப் பயந்த மலைக்காரர்
களப்பில் இடுப்பளவு தண்ணீரைத் தேர்ந்தார்.
ஆளுக்கொரு புதுப்பேர் எழுதி வைத்திருந்தார்.
அவளுக்கு ரூத்.
"பேர மாத்தினா
அவன் வந்து ஆரெண்டு கேப்பான் கா?"
என்னிடம்தான் கேட்டாள், அவரிடமில்லை.
இன்னுமொன்று: மகனுக்காக வைத்த நேர்த்தி
தம்பிலுவில் அம்மனிடம் கிடக்கிறது.
வைகாசிக் குளுத்திக்கு அவள் போவாள்.
போகத்தான் வேணும்.

அவர் ஈர வேட்டியோடு
என் வாயைப் பார்த்து நின்றார்.
இந்தப் பேரே போதுமாம் என்றேன்.
மற்றதைச் சொல்லவில்லை.
ஊருக்குப் போன அறிக்கையில் ஏழு என்றிருந்தது.
தட்டச்சு செய்தது நான்.
அன்றிரவு சோறு இறங்கவில்லை என்றால் பொய்.
நன்றாகச் சாப்பிட்டேன்,
அதுதான் பிறகு உறுத்தியது.

விசா நீட்டவில்லை.
கொழும்பு பஸ் இரவு எட்டரைக்கு.
சந்தியில் நாங்கள் பத்துப் பேர்,
ஒரு பொதி கச்சான், யாரோ கட்டிக்கொடுத்த புட்டு.
மிதிபலகையில் ஒரு காலை வைத்தவர்
கிறுகி நின்று
எழுத்தெழுத்தாய்த் தமிழில் கேட்டார்:
"கண்ணகைப்பிள்ளை அக்கா,
இந்த முறை குளுத்தி நல்லா நடந்ததா?"

எப்போதிருந்து விளங்கியது அவருக்கு?
பட்டிக்காரனிலிருந்தா? காம்பிலிருந்தா?
நான் வாய் திறக்குமுன்
கண்டக்டர் கதவைத் தட்டிவிட்டான்.
அவள் மட்டும் "ஓம் தம்பி" என்றாள்,
நேற்றும் இதைப் பேசிக்கொண்டவர்கள் போல.

இந்த ஞாயிறு நானே பேசினேன்.
ஒவ்வொரு வசனம் முடிகிற இடத்திலும்
பழக்க தோஷம்,
யாரோ மொழி மாற்றட்டும் என்று நின்றேன்.
என்னத்துக்கு நிற்கிறாய் என்பதுபோல்
பதினொரு கதிரையும் பார்த்தன.

ஜெபம் முடிய அவள்
சீலைத்துண்டின் முடிச்சை அவிழ்த்தாள்.
"நேர்த்திப் பொங்கலுக்கு எடுத்ததில மிச்சம்.
வைச்சுக்கொள்ளுங்க."

கணக்குக் கொப்பியில் வரவுப் பக்கம்:
அரிசி, அரைக் கொத்து.
எங்கிருந்து என்ற இடத்தை
வெறுமையாக விட்டேன்.